வாசலுக்குள் நுழையாத அலமாரி

திருநெல்வேலியில் அந்தக் கண் ஆஸ்பத்திரியின் உள்ளறை இருட்டாகவும் குளிராகவும் இருந்தது. பெரிய வெள்ளைக் கிண்ணம் போல ஒரு மெஷின். அதற்குள் முகத்தைக் கொடுத்து, நாடியைத் தாங்கியில் வைத்து உட்கார்ந்திருந்தேன். ஒரு கண்ணை மூடிக் கட்டியிருந்தார்கள். கையில் ஒரு பட்டன். "எங்கயாவது வெளிச்சப் புள்ளி தெரிஞ்சா அமுக்குங்கம்மா" என்றாள் அங்கே வேலை பார்க்கும் பெண்.

நடுவில் சில புள்ளிகள் வந்தன. அமுக்கினேன். பிறகு ஒன்றையும் காணோம். வெகுநேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "மெஷின் நின்னு போச்சா தாயி?" என்று கேட்டேன். மெஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. சுற்றிலும் புள்ளிகள் வந்து வந்து போய்க்கொண்டுதான் இருந்தன. எனக்குத்தான் தெரியவில்லை.

டாக்டர் ஒரு தாளைக் காட்டினார். நடுவில் சின்னதாக வெள்ளை. மற்றதெல்லாம் கறுப்பு. கண்ணுக்குள் அழுத்தம் கூடி ஓரப்பார்வை போய்விட்டதாம். போனது திரும்ப வராதாம். மிச்சத்தைச் சொட்டு மருந்து விட்டுக் காப்பாற்றப் பார்க்கலாமாம். எத்தனை காலத்துக்கு என்று கேட்டேன். அவர் மருந்துச் சீட்டை நீட்டினார்.

தென்காசி பஸ்ஸில் ஜன்னலோரம் எனக்கு, பக்கத்தில் இவர், என் வீட்டுக்காரர். ஆலங்குளம் தாண்டியதும் சொன்னேன்.

"எனக்குப் புத்தக அலமாரி வேணும். இருக்கிற புத்தகம் அம்புட்டையும் நிக்க வச்சு, ஒரே பார்வையில பாக்கணும்."

"ஏட்டி, கண்ணுக்கு மருந்து வாங்கிட்டு வாறோம். இப்பவும் புத்தகத்துலயே நிக்கியே?"

"கண்ணு இருக்கும்போதுதான பாக்க முடியும்?"

பாவூர்சத்திரம் வந்தது, போனது.

பெட்டிக்குள் படுத்திருந்தவை

போன வாரம் இந்தத் தொடரை, டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நான் காதில் ஹெட்போன் மாட்டிய முதல் நாளோடு நிறுத்தியிருந்தேன். அது அங்கேயே இருக்கட்டும். கண்ணைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்துவிட்டேன், முடித்துவிடுகிறேன்.

இவர் ராணுவத்தில் வண்டிகள் பழுதுபார்க்கும் பிரிவில் வெல்டராக இருந்தவர். எங்கள் தெருவில் இவருக்குப் பெயரே கிடையாது. மிலிட்டரி அண்ணாச்சிதான். வாசிப்பு என்றால் பேப்பரில் முதல் பக்கமும் கடைசிப் பக்கமும். ஆனால் லீவில் வரும்போதெல்லாம் எனக்குப் புத்தகம் கொண்டுவருவார். சென்னையில் ரயில் மாறுகிற இடைவெளியில், நடைபாதையில் குவித்துப்போட்டு விற்கும் பழைய புத்தகங்களில் அள்ளிக்கொண்டு வருவார்.

எழுத்தாளர் யார், கதை என்ன என்பதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. தடிமன்தான் கணக்கு. "குண்டா இருந்தா பத்து நாளு படிப்பேல்லா" என்பார். அப்படி வந்ததில் மாட்டு வைத்தியம் ஒன்று. முதல் பாகம் இல்லாத இரண்டாம் பாகங்கள் ஏழெட்டு. ஒரே நாவல் மூன்று முறை வந்தது. மூன்றையும் வைத்திருக்கிறேன். எதைத் தூக்கிப்போட மனம் வரும்?

நான் சேர்த்தது தனி. வாரப் பத்திரிகைகளில் வரும் தொடர்கதையை வாராவாரம் பிரித்தெடுத்து, முடிந்ததும் பைண்டிங் கடையில் கொடுத்துக் காலிகோ துணி ஒட்டி வாங்கிவிடுவேன். எக்ஸ்சேஞ்சில் எட்டுப் பெண்கள் சேர்ந்து பத்திரிகை வாங்குவோம். எந்தத் தொடர் யாருக்கு என்று முதல் வாரமே சண்டை போட்டுப் பங்கு பிரித்துக்கொள்வோம். நடுவில் ஒரு வாரம் யாராவது வடையைச் சுற்றக் கிழித்துவிட்டால் அவ்வளவுதான், இரண்டு நாள் பேச்சுவார்த்தை கிடையாது. என்னிடம் உள்ள பைண்டுகளில் அப்படி ஓர் அத்தியாயம் இல்லாதவை நாலைந்து உண்டு. கதாநாயகி ஒரு வாரம் கிணற்றடியில் நிற்பாள், அடுத்த பக்கத்தில் ஆஸ்பத்திரியில் கிடப்பாள்.

இவையெல்லாம் எங்கே இருந்தன? இவருடைய ராணுவ டிரங்குப் பெட்டிகளில். கறுப்புப் பெயிண்ட் அடித்து, வெள்ளையில் பெயரும் நம்பரும் எழுதிய பெட்டிகள். கல்யாணமான நாளிலிருந்து எத்தனையோ வாடகை வீடு மாறினோம். ஒவ்வொரு வீட்டிலும் பெட்டிகள் கட்டிலுக்கு அடியில், பரண்மேல், கக்கூஸ் போகிற வழியில். சொந்த வீடு கட்டியபோது அடுப்படிக்கும், முன்னால் வாடகைக்கு விட ஒரு கடைக்கும் இடம் வந்தது. அலமாரிக்கு வரவில்லை. பிறகு செய்யலாம், பிறகு செய்யலாம் என்றே வருஷங்கள் ஓடிவிட்டன.

ஒரு புத்தகம் வேண்டுமென்றால் மேல் பெட்டியை இறக்கி, நடுப்பெட்டியைத் திறந்து, நாற்பது புத்தகத்தை வெளியே வைக்க வேண்டும். பாதியில் குக்கர் விசில் அடிக்கும். அப்படியே மூடிவிடுவேன். தேடிய புத்தகத்தைவிடத் தேடாமல் விட்டதுதான் அதிகம்.

மற்றவர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனால்கூட என் கண் நகையில் நிற்காது. யார் வீட்டிலாவது கண்ணாடி அலமாரியில் நாலு புத்தகம் நின்றால் அங்கேயே நின்றுவிடுவேன். முதுகு காட்டி வரிசையாக நிற்கும் புத்தகங்களைப் பார்த்தால் எனக்கு ஏக்கமாக இருக்கும். என்னுடையவை மட்டும் இருட்டில் ஒன்றன்மேல் ஒன்று படுத்துக் கிடக்கின்றனவே என்று இருக்கும். இதை யாரிடம் சொல்ல? சொன்னால் சிரிப்பார்கள்.

உட்கார்ந்து பார்த்து வாங்குபவர்

அந்த மாதமே தேட ஆரம்பித்தோம். குற்றாலத்தில் சீசன் தொடங்கி, தென்காசியில் சாரல் விழுந்துகொண்டிருந்தது. குடையோடு கடை கடையாக அலைந்தோம்.

முதலில் பெரிய பர்னிச்சர் கடை. தேக்கு நிறத்தில் பளபளவென்று ஓர் அலமாரி. நான் கண்ணை எடுக்கவில்லை. இவர் அதன் நடுத்தட்டைக் கையால் தட்டிப் பார்த்தார். பிறகு யாரும் எதிர்பாராத நேரத்தில் கீழ்த்தட்டில் உட்கார்ந்துவிட்டார்.

"சார், அது உக்காருறதுக்கு இல்ல சார்" என்று விற்பனைப் பெண் ஓடிவந்தாள்.

"தெரியும்மா. நான் எழுபத்தஞ்சு கிலோ. என்னையே தாங்காட்டி இவ புத்தகத்த எப்படித் தாங்கும்?"

தட்டு அவரைத் தாங்கவில்லை. நடுவில் தொய்ந்தது. ஓரத்தில் ஒட்டியிருந்த தாள் பிரிந்து, உள்ளே அமுக்கி வைத்த மரத்தூள் தெரிந்தது. சாரல் காற்றுக்கு இது ஒரு வருஷத்தில் ஊறிப்போகும் என்று அவளிடமே விளக்கினார். அவள் பாவம், தலையாட்டினாள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

அடுத்தது செங்கோட்டை ரோட்டில் ஒரு மரக்கடை. முதலாளிக்குப் புனலூர் பக்கம் சம்பந்தம். பேச்சில் பாதி மலையாளம். தேக்கும் அயனிப்பலாவும் அடுக்கிக் கிடந்தன. அந்த மர வாசனைக்கே அங்கே குடியிருக்கலாம். அளவைச் சொன்னதும் அவர் காதில் இருந்த பென்சிலை எடுத்து ஒரு பலகைமேல் கணக்குப் போட்டார். தொகையைக் கேட்டு இவர் குடையை விரித்துவிட்டார், கடைக்குள்ளேயே.

"பிள்ளைக்குக் கல்யாணச் சீரா சாரே?" என்று முதலாளி கேட்டார்.

"இல்ல, என் பொஞ்சாதிக்கு."

"அப்ப அயனியில செய்யாம். தேக்கு வேண்டா." அயனிக்கும் எங்கள் கை எட்டவில்லை.

குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் பழைய மர அலமாரிகளைத் தள்ளிவிடுகிறார்கள் என்று யாரோ சொல்ல, அங்கேயும் போனோம். அருவிக்குப் போகிற கூட்டத்தில் ஈரத் துண்டும் எண்ணெய்த் தலையுமாக ஊரே எதிரில் வருகிறது. நாங்கள் இரண்டு பேர் மட்டும் அளவு டேப்போடு போகிறோம். அப்போதுதான் என் கண் எப்படி ஆகிவிட்டது என்பது எனக்கே தெரிந்தது. பக்கவாட்டில் வருகிறவர்கள் திடீரென்று முளைத்து மோதினார்கள். பயந்து இவர் கையைப் பிடித்துக்கொண்டேன். நாற்பது வருஷத்தில் தெருவில் கைபிடித்து நடந்தது அன்றுதான். இவருக்குக் கூச்சம். ஆனாலும் விடவில்லை.

லாட்ஜ் மேனேஜர் நல்ல மனுஷன். கதவைத் திறந்து காட்டினார். குப்பென்று பூஞ்சை வாடை. "துணி வச்சாலே நாலு நாள்ல பூத்துரும். புத்தகத்தக் கொண்டு வைக்காதீங்கம்மா, பாவம்" என்றார். விற்க வேண்டியவரே வேண்டாம் என்று சொல்லி டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தார்.

மகள் கோயம்புத்தூரிலிருந்து போன் செய்தாள். "எல்லாத்தையும் ஏதாவது நூலகத்துக்குக் குடுத்துரும்மா. வேணுங்கிறத போன்ல பெருசு பண்ணிப் படிக்கலாம்" என்றாள். அவள் சொன்னதில் தப்பில்லை. ஆனால் போனை வைத்தபின் அழுதேன். படிப்பதற்கு மட்டுமா நான் இவற்றைச் சுமந்தேன்?

நட்டும் கிடையாது, போல்ட்டும் கிடையாது

கடைசியில் இவரே ஒரு முடிவுக்கு வந்தார். மளிகைக் கடையிலும் மருந்துக் கடையிலும் போடுகிறார்களே, இரும்பு ஆங்கிள் ரேக், அதுதான் சரி. கரையான் ஏறாது, ஊறாது, விலையும் மரத்தில் கால்வாசி. பட்டறை வைத்திருக்கும் முருகேசனிடம் போனோம். முருகேசன் இவரை அண்ணாச்சி அண்ணாச்சி என்று சுற்றுகிறவன்.

"தனித்தனியாச் செஞ்சு போல்ட் போட்டுருவோம் அண்ணாச்சி. வீட்டுல கொண்டாந்து மாட்டிக்கிடலாம்" என்றான்.

"போல்ட்டா? போல்ட்டுன்னா என்னைக்காவது ஆடும். முழுசா வெல்டிங். ஒரே பீஸு."

"ஒரே பீஸா?"

"ஏலே, நான் மிலிட்டரி டாங்கு ஏத்திப் போற வண்டிக்கே வெல்டிங் வச்சவன். சொன்னதச் செய்யி."

நான் சொன்னது ஒன்றே ஒன்றுதான். ஒரு வரிசைக்குப் பின்னால் இன்னொரு வரிசை வைக்கிற ஆழம் கூடாது. எல்லாப் புத்தகமும் முன்வரிசையில் நிற்க வேண்டும். அப்படியே அகலம் ஒன்பதடி, உயரம் எட்டடி, எட்டுத் தட்டு என்று முடிவாயிற்று. இவர் தினமும் பட்டறைக்குப் போய்விடுவார். பாதி வெல்டிங் அவரே வைத்தார் என்று பிறகு முருகேசன் சொன்னான். கண் கெடும் என்று நான் திட்டுவேன் எனப் பயந்து என்னிடம் மறைத்திருக்கிறார்.

அந்த நாட்களில் நான் காலையில் எழுந்ததும் முதலில் ஒரு காரியம் செய்வேன். சுவரில் தொங்கும் காலண்டரைப் பார்ப்பேன். தேதி தெரிகிறதா, மேலே சாமி படம் தெரிகிறதா, இரண்டும் சேர்ந்து தெரிகிறதா என்று. ஒரு நாள் சேர்ந்து தெரியவில்லை. இவரிடம் சொல்லவில்லை. "அலமாரி எப்ப வரும்?" என்று மட்டும் கேட்டேன்.

தெருவில் நின்ற அலமாரி

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் மினி லாரியில் அது வந்தது. ஆறு பேர் பிடித்து இறக்கினார்கள். சாம்பல் நிறப் பெயிண்டில் தெருவையே அடைத்துக்கொண்டு நின்றது. பக்கத்து வீட்டார் எல்லாம் வெளியே வந்துவிட்டார்கள். இவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "தூக்குங்கலே, உள்ள கொண்டு போங்க" என்றார்.

எங்கள் வீட்டு வாசல் அகலம் மூன்றடி, உயரம் ஆறரை அடி.

நிமிர்த்திப் பார்த்தார்கள். படுக்கவைத்துப் பார்த்தார்கள். சாய்த்து, ஒரு மூலையை மட்டும் நுழைத்துப் பார்த்தார்கள். நிலைப்படியில் பெயிண்ட் உதிர்ந்ததுதான் மிச்சம். சுவரை அளந்தவர், தட்டை அளந்தவர், என் பைண்டுகளின் உயரத்தை ஸ்கேல் வைத்து அளந்தவர், வாசலை அளக்கவில்லை.

முருகேசன் தலையைச் சொறிந்தான். "நான் அப்பவே சொன்னேன்லா அண்ணாச்சி? ரெண்டா அறுத்துருவமா?"

"தொட்டே, கைய ஒடிச்சுருவேன்."

எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. அடக்க முடியாமல் சிரித்தேன். பிறகு இவர் முகத்தைப் பார்த்தேன். சாரலில் நனைந்துகொண்டு அலமாரியின் ஒரு காலைப் பிடித்தபடி நின்றார். டாக்டர் அந்தத் தாளைக் காட்டியபோது என் முகம் எப்படி இருந்திருக்கும் என்பதை அப்போது இவர் முகத்தில் பார்த்தேன். சிரிப்பு நின்றுவிட்டது.

எங்கள் வீட்டின் முன்பக்கத்தில் ஷட்டர் போட்ட கடை ஒன்று உண்டு. ஜெராக்ஸ் கடைக்காரர் காலி செய்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. செருப்புக் கடை வைக்க ஒருவர் கேட்டிருந்தார். அடுத்த வாரம் வருவதாகப் பேச்சு.

"ஷட்டரத் தூக்குங்க" என்றேன்.

இவர் திரும்பிப் பார்த்தார். "செருப்புக் கடைக்காரருக்கு என்ன சொல்ல?"

"வேற இடம் பாக்கச் சொல்லுங்க."

ஷட்டர் கடகடவென்று மேலே போனது. அலமாரி அலுங்காமல் உள்ளே போய்ப் பின்சுவரோடு நின்றது. இந்தப் பக்கம் நாலு விரல்கடை, அந்தப் பக்கம் நாலு விரல்கடை. முருகேசன் கீழ்த்தட்டில் ஏறிக் குதித்தான். ஒரு சத்தமும் இல்லை.

நோட்டு இருக்கா?

மூன்று நாள் அடுக்கினோம். சாரல் அடிக்காமல் இருக்க ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, இவர் பெட்டியிலிருந்து எடுத்துத் துடைத்துக் கொடுப்பார், நான் வைப்பேன். சில்வர் மீன் என்று சொல்கிற பூச்சி கொத்துக் கொத்தாக ஓடியது. ஒவ்வொன்றையும் நிறுத்தும்போது எங்கே வாங்கியது, எந்த லீவில் வந்தது என்று எனக்கு ஞாபகம் வரும். இவருக்கு எந்த ஸ்டேஷனில் என்ன சாப்பிட்டார் என்று ஞாபகம் வரும்.

பாதித் திறந்த ஷட்டருக்குக் கீழே தலையை நுழைத்து ஆட்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். "அண்ணாச்சி, நாலு கோடு போட்ட நோட்டு இருக்கா?" "கடை எப்பத் தொறக்குதீக?" ஒருத்தர் பிறந்தநாள் வாழ்த்து அட்டை கேட்டார். இவருக்குக் கோபம். "விக்கதுக்கு இல்ல, வீட்டுப் புத்தகம்" என்பார். நம்பினவர் யாரும் இல்லை. விலை கூடுதலோ என்று நினைத்துக்கொண்டு போனார்கள்.

மூன்றாம் நாள் மத்தியானம் மேலே கடைசித் தட்டுத் தவிர எல்லாம் நிறைந்துவிட்டது. "போதும், வந்து நின்னு பாரு" என்றார் இவர்.

நின்று பார்த்தேன்.

அங்கேதான் எனக்கு மனசு உடைந்தது. என் கண்ணில் விழுந்தது நடுவில் ஒரு வட்டம். அதற்குள் இரண்டு தட்டு, பதினைந்து இருபது புத்தகம். தலையைத் திருப்பினால் வேறு இருபது வரும், முன்பு பார்த்தவை மறைந்துவிடும். மேலே பார்த்தால் கீழே இல்லை. ஷட்டர் வரைக்கும் பின்னால் நகர்ந்தேன். கொஞ்சம் கூடியது, அவ்வளவுதான். எட்டுத் தட்டும் அங்கேதான் இருந்தன. ஒரே பார்வை என்பதுதான் என்னிடம் இல்லை. காலம் பிந்திவிட்டது.

"நல்லாருக்கு" என்றேன்.

என் குரல் அவருக்குத் தெரியும்.

அடுத்த நாள் வெயில் எட்டிப் பார்த்தது. தெருவின் எதிர் வரிசையில் ரோஸ் அக்காவின் மாவு மில். இடியாப்பத்துக்கு அரிசி காயப்போட்டிருந்தேன், அரைக்க வேண்டும். வண்டி வருவது எனக்குத் தெரியாதே, அதனால் இவர்தான் தெருவைக் கடத்தி மில் படியில் விட்டார். "அரைச்சதும் கையக் காட்டு, வாறேன்" என்று சொல்லிவிட்டு, ஷட்டரை முழுக்கத் தூக்கிவிட்டு, மிச்சம் இருந்த கடைசித் தட்டை அடுக்கப் போனார்.

ரோஸ் அக்கா மெஷினைப் போட்டார். மாவு பறக்கிறதே என்று நான் முகத்தைத் தெருப்பக்கம் திருப்பினேன்.

அலமாரி முழுசாக இருந்தது.

மேல் மூலையிலிருந்து கீழ் மூலை வரைக்கும், இந்தக் காலிலிருந்து அந்தக் கால் வரைக்கும், எட்டுத் தட்டும் என் வட்டத்துக்குள் அடங்கி நின்றன. தெருவின் அகலமும் கடையின் ஆழமும் சேர்ந்து எனக்குத் தேவையான தூரத்தைக் கொடுத்திருந்தன. எந்த வாசல் வழியாகவும் இப்படித் தெரிந்திருக்காது. ஷட்டரால்தான் தெரிந்தது. சிவப்புக் காலிகோ பைண்டுகள் ஒரு பட்டையாக, பழுப்பேறியவை ஒரு பட்டையாக, இவருடைய குண்டுப் புத்தகங்கள் கீழே கனமாக. ஒரு தலைப்பைக்கூட என்னால் வாசிக்க முடியவில்லை. வாசிக்க வேண்டியிருக்கவும் இல்லை. எத்தனையோ வருஷமாக இதைப் பார்க்க வேண்டும் என்று இருந்தது, பார்த்துவிட்டேன்.

"அரைச்சாச்சு, எடுத்துக்கிடுதீகளா?" என்றார் ரோஸ் அக்கா.

"இருக்கட்டும் அக்கா."

என்னை அறியாமல் கையைத் தூக்கியிருக்கிறேன் போலிருக்கிறது. கை காட்டுகிறேன் என்று நினைத்து இவர் ஸ்டூலிலிருந்து இறங்கினார். அலமாரிக்கு முன்னால் சின்னதாக நின்றவர், இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் தெருவில் இறங்கி என்னை நோக்கி வந்தார். வர வரப் பெரிதாகிக்கொண்டே வந்தார். முதலில் கீழ்த்தட்டுகள் மறைந்தன. பிறகு நடுத்தட்டுகள். கடைசியில் என் வட்டத்துக்குள் இவர் மட்டும்தான் இருந்தார், தோளில் தூசித் துணியோடு.

என் கையைப் பிடித்தார். "என்னட்டி, அழுதியா? மாவு கண்ணுல விழுந்துட்டா?"

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றேன். "மறைக்குது."

இவர் திரும்பி அலமாரியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஓரெட்டு விலகி என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். ஓரத்தில் நிற்கும் இவர் இனி எனக்குத் தெரியமாட்டார். கையை மட்டும் விடவில்லை.